இடப்பக்கம் இழுத்த வண்டி, வலப்பக்கம் சுட்ட சக்கரம்

பாச்சலூரிலிருந்து வடகாடு வழியாக ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. இறங்கும்போது இடக்கைப் பக்கம் பள்ளம். தடுப்பு என்று சொல்லிக்கொள்ள முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். அதிலும் பாதியை எப்போதோ ஒரு லாரி தின்றுவிட்டது. ஆவணி மாதத்தில் ஒரு விடியற்காலை, ஒன்றேகால் டன் சௌசௌ மூட்டையும் மலைவாழைத் தாரும் ஏற்றிக்கொண்டு அந்த வளைவுக்கு வந்தேன். எதிரே ஒரு ஜீப் முகப்பு விளக்கைக் கூடத் தணிக்காமல் ஏறி வந்தது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது. ஆனால் நேராக நிற்கவில்லை. மூக்கை இடப்பக்கம் திருப்பி, அந்த உடைந்த சுவரை மோந்து பார்ப்பதுபோல நின்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோடுமேன் தம்பி வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமலே கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

அன்றைக்குத்தான் இது தொடங்கியது என்று சொன்னால் பொய். அதற்கு முன்பே மூன்று வாரமாக வண்டி லேசாக இடப்பக்கம் போவதை உணர்ந்திருந்தேன். அதற்கு ஒரு நல்ல சாக்கும் கைவசம் வைத்திருந்தேன். மழைத்தண்ணீர் ஓரத்துக்கு ஓடுவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி இருபக்கமும் சரித்துப் போடுகிறார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஆகவே எந்த வண்டியும் இடப்பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும். இது உண்மையும்கூட. ஆனால் சாலையின் சரிவு நான் பிரேக் மிதிக்கும்போது மட்டும் எப்படி அதிகமாகும் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் செலவு வந்திருக்கும்.

வண்டி 2016 மாடல் பிக்அப். கம்பெனிப் பெயர் வேண்டாம். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் இத்தனை வருடம் மலை ஏறி இறங்கினால் ஏதாவது வரத்தான் செய்யும். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். திடீரென்று மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. வாரத்தில் நான்கு நாள் மலைச்சரக்கு, மற்ற நாட்களில் சந்தையிலிருந்து தக்காளி. 14 கிலோ பெட்டியில் நூறு ஏற்றினால் வண்டி ஒழுங்காக உட்காரும், அதற்கு மேல் ஏற்றினால் முனகும்.

முதலில் காற்றைப் பார்த்தேன். இடது முன் டயரில் ஐந்து பவுண்டு குறைவாக இருந்தது. ஆகா, கிடைத்துவிட்டது என்று இரண்டையும் சமமாக நிரப்பினேன். மறுநாளும் இழுத்தது. பிறகு முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டேன். குறை டயரில் இருந்தால் இழுப்பும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. ஐம்பது ரூபாய்க் காற்றுச் செலவோடு டயரின் மீதான சந்தேகம் முடிந்தது.

அடுத்து, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளக்கும் வீல் அலைன்மென்ட். திண்டுக்கல் சாலையில் ஒரு கடை. கணினி, திரை, சக்கரங்களில் மாட்டும் கண்ணாடிகள் என்று கோயில் அலங்காரம் மாதிரி எல்லாம் இருந்தது. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். எல்லா எண்ணும் பச்சை நிறத்தில் இருந்தது. தாள் நேராக இருந்தது, வண்டிதான் இடப்பக்கம் போனது. இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் அளப்பது வேறு, ஓடுகிற வண்டியில் பிரேக் விழும்போது நடப்பது வேறு. சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையில் இருக்கிற ரப்பர் புஷ் நைந்திருந்தால், நிற்கும்போது ஒழுங்காக இருக்கும் சக்கரம், பிரேக் பிடித்தவுடன் பின்னுக்கு ஒரு விரற்கடை நகர்ந்து திசையை மாற்றிவிடும். எந்தத் தாளிலும் அது பச்சையாகத்தான் தெரியும். அதையும் வீட்டுக்கு வந்து கடப்பாரையை வைத்து நெம்பிப் பார்த்தேன். மச்சான் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட, நான் கீழே படுத்து பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், புஷ் என்று முன் சக்கர இணைப்புகள் எல்லாவற்றிலும் கை வைத்துப் பார்த்தேன். எங்கும் ஆட்டம் இல்லை. மண் மட்டும் கண்ணில் விழுந்தது.

வெறும் வண்டியிலும் பாரம் ஏற்றிய வண்டியிலும் ஒரே மாதிரி இழுத்ததால், பின் டிரம்மையும் நான் பெரிதாகச் சந்தேகப்படவில்லை. என் வண்டியில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பி வைத்த வால்வு இருக்கிறது. பாரம் ஏற ஏறப் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அது கூட்டும். குறை பின்னால் இருந்தால் பாரம் ஏறும்போது இழுப்பும் கூடியிருக்க வேண்டும்.

ஆக, முன் பிரேக். அதில் எந்தப் பக்கம்?

இந்த இடத்தில்தான் நானும் ஒரு பட்டறைக்காரரும் சேர்ந்து தப்பான கதவைத் தட்டினோம். இடப்பக்கம் இழுக்கிறது, ஆகவே இடப்பக்கம் அதிகமாகப் பிடிக்கிறது, ஆகவே இடது சக்கரத்தைக் கழற்று. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடை அவர் உப்புத்தாளில் தேய்த்தார். பேடைத் தாங்கும் காலிப்பர் நகரும் பின்களுக்குக் கிரீஸ் வைத்தார். இரண்டு நாள் சரியாகிவிட்டதுபோல இருந்தது. அந்த இரண்டு நாளும் நான் மலைக்குப் போகவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து யோசித்தபோது என் தாத்தாவின் மாட்டு வண்டி ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு மாட்டில் ஒன்று நின்று, மற்றது நடந்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? நின்ற மாட்டின் பக்கம். அப்படியானால் தப்புச் செய்தது எந்த மாடு? நிற்கச் சொன்னபோது நின்ற மாட்டையா அடிப்பீர்கள்? பிரேக்கும் அப்படித்தான். மிதித்ததும் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் இரண்டு முன் சக்கரத்துக்கும் ஒரே அழுத்தத்தைத்தான் அனுப்புகிறது. ஒரு பக்கம் தன் பலத்துக்கு மேல் பிடிப்பது அபூர்வம்; மற்றப் பக்கம் பிடிக்காமல் ஏமாற்றுவதுதான் அடிக்கடி நடப்பது. நாங்கள் நின்ற மாட்டைக் கழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மலையிலிருந்து இறங்கி, சந்தைக்குள் நுழைவதற்கு முன் ஓரமாக நிறுத்தி, இரண்டு முன் சக்கரத்தையும் சோதித்தேன். கொரோனா காலத்தில் கடையில் வாங்கிய, நெற்றியில் காட்டும் காய்ச்சல் கருவி ஒன்று டாஷ்போர்டில் கிடந்தது. அதைச் சக்கரத்துக்குக் காட்டினேன். இரண்டு பக்கமும் காய்ச்சல் அளவைத் தாண்டிவிட்டது என்று ஒரே மாதிரி கத்தியது. மனிதச் சூட்டுக்குச் செய்த கருவியிடம் இரும்புச் சூட்டைக் கேட்டால் அது என்ன செய்யும்? பாட்டிலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீரை விளிம்பில் தெளித்தேன். டிஸ்க்கின்மேல் ஊற்றவில்லை, கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த நீர் பட்டால் கோணிக்கொள்ளும். இடது சக்கரத்தில் சொட்டு உருண்டு வழிந்தது. வலது சக்கரத்தில் தோசைக்கல் மாதிரி சுர்ரென்றது.

எனக்குத் தலை சுற்றியது. வலது சக்கரம் பிடிக்கவில்லை, அதனால் வண்டி இடப்பக்கம் போகிறது என்றால், பிடிக்காத சக்கரம் ஏன் சுட வேண்டும்? சுடுகிற அளவுக்கு அது பிடிக்கிறது என்றால் வண்டி ஏன் வலப்பக்கம் இழுக்கவில்லை?

வேறொரு பட்டறையில் வலது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். குழப்பம் இன்னும் கூடியது. வலப்பக்கத்துப் பேடு நான்கு மில்லிமீட்டர்தான் மீதி, இடப்பக்கத்தில் ஏழு. இரண்டையும் ஒரே நாளில், நானே, ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டது. உள் பேடு, வெளிப் பேடு இரண்டும் சமமாகத் தேய்ந்திருந்தன. காலிப்பர் நகரும் பின்கள் இறுகியிருந்தால் ஒன்று அதிகமும் ஒன்று குறைவுமாகத் தேய்ந்திருக்கும். அதுவும் இல்லை. பேடில் எண்ணெய்க் கறை இல்லை. பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மட்டும் மெக்கானிக் புருவத்தை உயர்த்தினார். “கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. காலிப்பரையே மாற்றிவிடுங்கள்” என்றார். விலை 4,500 ரூபாய். அப்போதைக்கு இரண்டு பக்கமும் புதுப் பேடு மட்டும் போடச் சொல்லிவிட்டு வந்தேன். 1,800 ரூபாய். புதுப் பேடோடும் வண்டி இடப்பக்கமே போனது. காலிப்பரை வாங்கக் கடையில் சொல்லியும் வைத்துவிட்டேன்.

அதை நிறுத்தியவன் முறுக்குக்கார லோடுமேன் தம்பிதான்.

“அண்ணே, ஒன்று கேட்கலாமா? வண்டி இந்தப் பக்கம் மட்டுமா போகிறது?”

“வேறு எந்தப் பக்கம்?”

“நீங்கள் மிதிக்கும்போது என் பக்கம் வருகிறது. காலை எடுத்தபிறகு கொஞ்சம் உங்கள் பக்கம் போகிறது. எனக்கு இரண்டு தடவையும் தெரிகிறது. பிடித்துக்கொள்ள இங்கே ஸ்டீயரிங் இல்லையே.”

நான் ஓட்டுகிறவன். மிதிக்கும்போது இடப்பக்கம் இழுப்பதை எதிர்பார்த்துக் கையை வலப்பக்கம் திருப்பி வைத்திருப்பேன். காலை எடுத்தபிறகு வண்டி வலப்பக்கம் போனால் அது என் கைவேலை என்று நினைத்திருக்கிறேன். அவன் சொன்னதைச் சோதிக்க அன்று மாலையே சந்தைக்குப் பின்னால் இருக்கும் செம்மண் திடலுக்குப் போனோம். இருபது கிலோமீட்டர் வேகம், திடீர் பிரேக். இறங்கிப் போய்த் தடத்தைப் பார்த்தோம். இடது டயர் தேய்த்த கோடு ஓர் இடத்தில் தொடங்கியது. வலது டயர் அந்த இடத்தைத் தாண்டியும் பூப்போட்ட மாதிரி சுற்றிக்கொண்டே போய், நான்கு முழம் தள்ளித்தான் தேய்க்கத் தொடங்கியிருந்தது. அந்த வேகத்தில் நான்கு முழம் என்றால் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. மறுபடி ஓட்டி, மிதித்து, காலை எடுத்து, ஸ்டீயரிங்கைத் தொடாமல் விட்டேன். அவன் சொன்னதுபோலவே வண்டி வலப்பக்கம் மெல்ல ஒதுங்கியது.

வலது பிரேக் பலவீனமானதும் இல்லை, அதிகப் பலமானதும் இல்லை. தாமதமானது. வரும்போதும் தாமதம், போகும்போதும் தாமதம். தாமதமாக வருவதால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. தாமதமாகப் போவதால் உரசிக்கொண்டே ஓடிச் சுடுகிறது, பேடும் தேய்கிறது. மூன்று மாதமாக ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்த சாட்சிகள் எல்லாம் ஒரே வாக்கியத்தில் அடங்கின. ஆனால் தாமதப்படுத்துவது எது?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பிரேக் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போவதற்கு எனக்குத் தயக்கம். பஸ்ஸில் காற்று பிரேக், நம்முடையது எண்ணெய் பிரேக் என்று. அவர் சிரித்தார். “காற்றோ எண்ணெயோ, குழாய் குழாய்தானே தம்பி. ஜாக்கி வை” என்றார்.

ஜாக்கி மட்டும் போதாது என்று சட்டத்துக்கு அடியில் புளியங்கட்டை கொடுக்கச் சொன்னார். பின் சக்கரத்துக்குக் கல். முன்பக்கம் இரண்டும் தரையை விட்டுத் தூக்கியாயிற்று. நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து, காலை எடுத்தேன். அவர் இடது சக்கரத்தைக் கையால் சுற்றினார். சுற்றியது. வலது சக்கரத்தைச் சுற்றினார். அசையவில்லை. வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். பதினொன்றில் சக்கரம் விடுபட்டது.

“மறுபடி மிதித்து விடு.”

இந்தத் தடவை அவர், சட்டத்தோடு வரும் இரும்புக் குழாயும் காலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்து நட்டைக் கால் சுற்று தளர்த்தினார். இரண்டு சொட்டு எண்ணெய் கசிந்தது. சக்கரம் இறுகியபடியே இருந்தது. “அப்படியானால் மேலே குற்றம் இல்லை. மாஸ்டரில் அழுத்தம் தேங்கியிருந்தால் இங்கே திறந்ததும் விட்டிருக்கும்.” நட்டை இறுக்கிவிட்டு இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னார். இப்போது காலிப்பரில் எண்ணெயை வெளியே விடுவதற்கு இருக்கும் நிப்பிளைத் திறந்தார். எண்ணெய் ஒரு முழம் பீய்ச்சியது. கையை வைத்த மாத்திரத்தில் சக்கரம் சுற்றியது. “காலிப்பரிலும் குற்றம் இல்லை. துருப்பிடித்த பிஸ்டனாக இருந்தால் நிப்பிளைத் திறந்தாலும் விடாது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நடுவில் என்ன இருக்கிறது?”

நடுவில் இருந்தது ஒரு ரப்பர் ஹோஸ் மட்டும். ஒன்றேகால் அடி நீளம். வெளியே வெடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, கசிவு இல்லை. மூன்று பட்டறைகளில் மூன்று பேர் அதைக் கையால் தொட்டிருக்கிறார்கள். நானும் தொட்டிருக்கிறேன்.

கழற்றியெடுத்து, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி உள்ளே விட்டோம். பாதி வழியில் முட்டிக்கொண்டது. இடப்பக்கத்து ஹோஸில் அதே ஈர்க்கு தடையில்லாமல் மறுமுனையில் வெளியே வந்தது. பிளேடால் நெடுக்கில் கீறிப் பார்த்தபோது, உள்தோல் உரிந்து மடங்கி, தொண்டைக்குள் உள்நாக்கு தொங்குவதுபோல நின்றுகொண்டிருந்தது. பலமாக மிதித்தால் அதைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் தாமதமாகப் போகிறது. காலை எடுத்தால் திரும்பி வருகிற எண்ணெய்க்குப் பலம் கிடையாது. பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ரப்பர் வளையத்தின் மடிப்பு ஒன்றுதான். அந்தச் சிறு பலத்தை உள்நாக்கு மறித்துக்கொள்கிறது. மூச்சுக்குழாய் சுருங்கினால் மனிதனுக்கு வருவதற்கும் நாம் இழுப்பு என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்.

“யாராவது இதைக் குறட்டால் நெரித்தார்களா?” என்று கேட்டார். எண்ணெய் ஒழுகாமல் இருக்க ஹோஸைக் குறட்டால் கவ்விப் பிடித்து வேலை செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டாம். வெளித்தோல் பழையபடி எழுந்துகொள்ளும், உள்தோல் செத்துவிடும். இல்லை என்றேன். “காலிப்பரைக் கழற்றியபோது ஹோஸிலேயே தொங்கவிட்டார்களா?”

நான் பதில் சொல்லவில்லை.

சென்ற வருடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கைப்பேசியில் படம் பார்த்து நானே பேடு மாற்றியபோது, முதலில் கழற்றியது வலப்பக்கம். காலிப்பர் கையோடு வந்ததும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். நான்கைந்து கிலோ இரும்பு, அரை மணி நேரம், ஏற்கெனவே வயதான ரப்பரில். இடப்பக்கம் செய்யும்போது புத்தி வந்து கயிற்றால் சட்டத்தில் கட்டிவைத்தேன். காரணம் அதுதான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யமாட்டேன். அத்தனை வருட வெயிலுக்கும் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் தொங்கிய ஹோஸ் செத்துப்போனது, கட்டிவைத்த ஹோஸ் பிழைத்திருக்கிறது.

புது ஹோஸ் இரண்டு பக்கத்துக்கும் வாங்கினேன், 900 ரூபாய். ஒன்று புதிது ஒன்று பழையது என்று போட்டால் இன்னொரு ஏற்றத்தாழ்வுக்கு நானே வழி செய்தவனாவேன். செம்பு வாஷரும் புதிது. ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்கச் சொன்னார் பெரியவர். பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுத்தோம்: தூரத்தில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் இருக்கும் முன் வலது வரை. வெளியே வந்த பழைய எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மூன்று வருடமாக மாற்றவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் முகத்தில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்குமாம். டாட் 4 என்ற வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காது; ஈரம் குடித்தபிறகு அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் மிதி தரை வரை போகும், பிரேக் இருக்காது. “இழுப்பு வந்ததால் என்னிடம் வந்தாய். அது வரும்வரை நீ இதோடு மலை இறங்கிக்கொண்டிருந்தாய்” என்றார். மட்கார்டில் சிந்திய எண்ணெயை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. இப்போது அங்கே உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் இல்லை.

கடையில் சொல்லிவைத்த காலிப்பரை வேண்டாம் என்று சொல்லப் போனபோது கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

திடலில் மறுபடி தடம் போட்டுப் பார்த்தோம். இரண்டு கோடும் ஒரே இடத்தில் தொடங்கின. லோடுமேன் தம்பி நடுவே படுத்து, முழம் போட்டு அளந்து, ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை என்று அறிவித்தான். அவனுக்கு ஒரு கிலோ முறுக்கு வாங்கிக்கொடுத்தேன்.

மறுநாள் காலை பாச்சலூரிலிருந்து இறங்கினோம். இரண்டாவது கியரில், மிதித்துக்கொண்டே இல்லாமல், விட்டுவிட்டு. அந்த வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி வலப்பக்கம் போனது. ஒரு நிமிடம் என் உயிர் என்னிடம் இல்லை.

“அண்ணே, கை” என்றான் அவன்.

குனிந்து பார்த்தேன். மூன்று மாதப் பழக்கத்தில் என் கை தானாக ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பி வைத்திருந்தது. அந்தப் பழக்கம் விடுபட இன்னும் ஒரு வாரம் பிடித்தது.